என் கிட்னி பாஸாகிவிட்டது!

நண்பர்களே, ஆவடி பிரவுசிங் சென்டரில் இருந்து எழுதுகிறேன். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை.

கொரட்டூர் அக்காவுக்கு நான் சிறுநீரகம் கொடுக்க இருந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அதில் இடி விழுந்தது. பட்டாபிராமில் நாங்கள் இத்தனை வருஷம் குடித்த போர்வெல் தண்ணீரில் யுரேனியம் அதிகம் என்று சோதனையில் வந்தது. அது முதலில் கிட்னியைத்தான் பாதிக்குமாம். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, என் ரத்தத்தையும் சிறுநீரையும் மறுபடி சோதிக்கச் சொன்னார்.

இன்று ரிசல்ட்.

"யூரின்ல புரோட்டீன் போகலை. ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கு, தாராளமா ஒண்ணு கொடுக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா அந்தத் தண்ணிய இனிமே வீட்ல யாரும் குடிக்காதீங்க. காய்ச்சினாலும் யுரேனியம் போகாது."

வெளியே பெஞ்சில் இருந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன்டா, அந்தத் தண்ணி குடிச்ச கிட்னியாச்சே, எனுக்குள்ள வந்து பல்பு மாதிரி எரியுமா இன்னா?"

"எரிஞ்சா நல்லதுக்கா. கரண்ட் போனா உன் ஊட்ல மெழுகுவத்தி வேணாம்."

நர்ஸ் வந்து அதட்டும்வரை இருவரும் சிரித்தோம்.

திரும்பும்போது ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே உன்ன திட்டவே மாட்டேன்டா. எனுக்குள்ள நீதான இருக்கப்போறே."

கொரட்டூரில் இறங்குவதற்குள் மூன்று முறை திட்டிவிட்டாள். உங்கள் அக்காக்களும் இப்படித்தானா?