அவள் கழுத்தில் இருந்த அட்டைகள்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. திருவொற்றியூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. என் இரண்டாம் வகுப்பில் பேச்சு வராத ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்காகப் படம் வரைந்து, லேமினேட் செய்து சில அட்டைகள் தயாரித்தேன். தண்ணீர், கழிப்பறை, வயிற்றுவலி, பயம். ரிப்பனில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். எது வேண்டுமோ அந்தப் படத்தை எடுத்து நீட்டுவாள். நல்ல காரியம்தான். அதோடு நான் நின்றிருக்கலாம்.

வண்ணாரப்பேட்டையில் ஆசிரியர்கள் செய்த உபகரணங்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள். புதிதாக ஒரு செட் செய்ய எனக்குச் சோம்பல். குழந்தை கைபட்ட அட்டையென்றால் நடுவர்கள் மனம் இளகும் என்று ஒரு கணக்கு வேறு. அன்று காலை அவள் கழுத்திலிருந்து கழற்றினேன். விடாமல் பிடித்துக்கொண்டாள். "ஒரே நாள்தான்டா கண்ணு" என்று அந்தப் பிஞ்சு விரல்களைப் பிரித்து எடுத்தேன். வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அவளிடம் அட்டை இல்லை என்று அவரிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

மேடையில் மைக்கைப் பிடித்து, "இதுதான் அந்தக் குழந்தையின் வாய்" என்றேன். ஒரே கைதட்டல். முதல் பரிசு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளி விடும் நேரத்துக்குக் கேடயத்தோடு திரும்பினேன். வகுப்பு மூலையில், நனைந்த பாவாடையோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். தொண்டை வலி என்று நினைத்து, பாவம் அந்த டீச்சர் வெந்நீர் வேறு குடிக்கக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளெல்லாம் சிரித்திருக்கிறார்கள்.

கூட்டிப்போக வந்த அவள் அம்மா, மகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா டீச்சர், காத்தால அட்டைய மாட்டிகினுதானே வந்துச்சு? எங்க போச்சு?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கழிப்பறைப் படத்தின் மேலேயே 'முதல் பரிசு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பிரைஸ் வாங்கிகினு வந்தீங்களா? நல்லாருங்க டீச்சர்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மறுநாள்தான் கேட்டேன்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. எல்லோரிடமும் அட்டையை நீட்டுகிறாள். நான் கிட்டே போனால் மட்டும் இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு இறுக்கிக்கொள்கிறாள். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம், அன்று அவற்றைப் பிரித்தெடுத்த என் கையை எங்கே ஒளித்துவைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.