ஊமைப் பெட்டி

கிடார் வாசிக்கிற யாருக்காவது ஆம்ப்ளிஃபயர், அவர்கள் பாஷையில் ஆம்ப், புகைந்தால் அந்த மூன்றாம் மாடிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வந்தவர்கள் கதவைத் தட்ட மாட்டார்கள், விரல் நுனியால் சுரண்டுவார்கள். தட்டினால் ஆம்ப் மெக்கானிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். உள்ளறையில் அவர் மனைவி தூங்கிக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். ஊரே எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுப்பவள்.

பழைய ரேடியோபோல் கண்ணாடி வால்வு வைத்த ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். மாட்டினாலோ வீடு அதிரும். அதனால் மெக்கானிக் ஒரு தகரப் பெட்டிக்குள் தடித்த ரெசிஸ்டர்களை அடுக்கி வைத்திருந்தார். ஆம்ப் அதை எட்டு ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கர் என்றே நம்பிவிடும். பெட்டியோ வருகிற சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டுச் சூடாகி உட்கார்ந்திருக்கும். ஊமைப் பெட்டி என்று அதற்குப் பெயர். அவரும் ஒரு காலத்தில் நன்றாக வாசித்தவர்தான். பகலில் மனைவி தூங்குகிறாள், இரவில் அக்கம்பக்கம் தூங்குகிறது. மனுஷன் எப்போதுதான் வாசிப்பது?

அன்று ஒரு மேடைக் கிடார்க்காரன் ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியுமாக மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணே, சாயங்காலம் நிகழ்ச்சி. நேத்து ரெண்டு பெட்டியைச் சேர்த்து மாட்டினேன், புஸ்ஸுன்னு போயிடுச்சு," என்று கிசுகிசுத்தான்.

"ரெண்டும் எட்டு ஓம்தானே? ஆம்புக்குப் பின்னாடி ஓம் ஸ்விட்சை எதுல வச்சே?"

"பதினாறுல. எட்டும் எட்டும் பதினாறுதானே?"

"பக்கத்துல பக்கத்துல மாட்டினா எட்டும் எட்டும் நாலுப்பா. தொட்டிக்கு ரெண்டு குழாய் வச்சா தண்ணி வேகமா ஓடிடும்ல? அப்படித்தான். ஆம்ப் தாங்குமா?"

"எங்க கணக்கு வாத்தியார் இதைச் சொல்லவே இல்லையே!" என்று தலையைச் சொறிந்துகொண்டு, இரண்டையும் விட்டுவிட்டுப் போனான்.

மெக்கானிக் வால்வுகளை மாற்றினார். ஊமைப் பெட்டியை மாட்டி முழுச் சத்தத்துக்குத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை. பாய்ந்து அணைத்தார். ஆம்புக்கு ஒன்றும் இல்லை, ஊமைப் பெட்டிதான் உயிரை விட்டிருந்தது.

இருதலைக் கொள்ளி எறும்பாகிப் போனார். முழுச் சத்தத்தில் பார்க்காமல் கொடுத்தால் மேடையில் அவன் மானம் போகும். பார்த்தால் மனைவியின் தூக்கம் போகும். அதுவும் இரண்டு ஷிஃப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். ஒரே ஒரு மீட்டல்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவன் விட்டுப்போன ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினார். ஸ்விட்ச் எட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். தன் பழைய கிடாரைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு தந்தியை அடித்தார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் என்னமோ கத்தினார். உள்ளறையிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அடுத்த கணமே கிடாரைக் கீழே வைத்தார். இந்தச் சத்தத்துக்கு எழாமல் ஒருத்தி எப்படிக் கிடப்பாள்?

உள்ளே ஓடினார். தலையை மூடிப் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

"ஏம்மா! ஏம்மா!" என்று உலுக்கினார்.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறி எழுந்தவள், காதிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையைப் பிடுங்கினாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பஞ்சா? எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. நீங்க நாள்பூரா வாசிச்சுப் பார்ப்பீங்க. எனக்குத் தூக்கம் கெடுதுன்னு தெரிஞ்சா விட்டுடுவீங்கன்னுதான் சொல்லலை."

"நான் எங்க வாசிச்சேன்? உன் தூக்கம் கெடக் கூடாதுன்னுதானே அந்த ஊமைப் பெட்டியே!"

அவள் அவரையே பார்த்தாள். தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் கச்சேரி நடப்பதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியவள் அவள்.

"நல்ல ஜோடிங்க நாம," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் வெட்கமில்லாமல் விசும்பினார். பயம் இன்னும் விட்டபாடில்லை.

முகம் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "வாசிங்க."

அவர் கிடாரை எடுத்தார். மறுபடி ஆம்புக்குப் பின்னால் குனிந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"எட்டுலதான் இருக்கான்னு..."

"இருக்கும். வாசிங்கன்னா!"

விரல் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தந்தி மாறியது, தாளம் தப்பியது. அவள் இரவெல்லாம் நின்று வீங்கிய கால்களைத் தூக்கி, செத்துப்போன ஊமைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். அதன் சூடு இன்னும் ஆறவில்லை.

"இதமா இருக்குங்க. நிறுத்தாதீங்க," என்றாள்.