படைத்த கேக்குக்கு மார்க்

இங்கே வடக்கே, எங்கள் துவாரகா அடுக்குமாடி சொசைட்டியில் டிசம்பர் வந்தால் போதும், எல்லோருக்கும் கேக் பித்துப் பிடித்துவிடும். வருஷம் முழுக்கச் சமையல்காரி கையால் ரொட்டி தின்கிறவர்கள், முழங்கை வரை மைதாவோடு போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார்கள். போன வருஷம் பார்க்கில் கேக் போட்டி என்றார்கள். நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண் லிஃப்டில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இழுத்துவிட்டது.

“ஆன்ட்டிஜி, கேக்-வேக் சோடியே. ஆப் இட்லி லே ஆனா” என்றாள். கேக்கெல்லாம் உங்களுக்கு எதற்கு, இட்லி கொண்டுவந்தால் போதும் என்று. முகத்தில் அவ்வளவு பிரியம். பிரியமாகக் குத்துவதற்கு அவளிடம்தான் பாடம் படிக்க வேண்டும். அவள் சாம்பார் என்று செய்வது மஞ்சள் போட்ட பருப்புத் தண்ணீர். அதை இரண்டு தடவை முகம் சுளிக்காமல் குடித்தவள் நான்.

அவளை ஜெயிக்க வேண்டும். வேறு எந்த நல்ல எண்ணமும் எனக்கு இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். மகள் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் வருகிறவள் கரண்டியை நக்கிப் பார்க்கிறாள், நக்கிய கரண்டியையே திரும்ப மாவில் விடுகிறாள். அந்த எச்சிலுக்குப் பெயர் பக்குவமாம்.

இங்கே அஞ்சீர் என்று மாலை கோத்து விற்கிற உலர்ந்த அத்திப்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தேன். வெல்லமும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கிளறினேன். அல்வாப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் ஜாம், அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் போய்க் கண்ணாடி பாட்டில், ரிப்பன், வெளிநாட்டுப் பேர். முட்டைக்குப் பதில் தயிர். சுக்கு, பட்டை, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் இடித்துப் போட்டேன். பாதி மாவு, மேலே ஜாம், அதற்கு மேல் மீதி மாவு. ஓவனில் வைத்த கொஞ்ச நேரத்தில் வீடு தைப்பொங்கல் அன்றைக்குப் போல மணத்தது. ருசி பார்க்கவில்லை. படைக்கிறதற்கு முன் ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஆறியதும் தட்டில் எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். தண்ணீர் சுற்றினேன், மணி அடித்தேன், கும்பிட்டேன். அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் கை தானாகச் செய்கிற காரியம் அது. எழுந்தபோதுதான் உறைத்தது.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “என்னட்டி, படைச்சிட்டியா?”

“படைச்சிட்டேன்.”

“அப்ப பிரசாதம்லா. பிரசாதத்துக்கு மார்க்கு போடுவாகளா?”

“நீங்க சும்மா இருங்க. இன்னொண்ணு செய்ய நேரமில்ல.”

“முருகனுக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டுட்டு வா.”

எடுத்துக்கொண்டு போனேன். மார்க் போட வந்தவள் போனில் சமையல் வீடியோ போடுகிற சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு வேறு, ஆபரேஷன் செய்ய வந்தவள் மாதிரி. மேஜை மேஜையாக நின்றாள். ஒரு துண்டு வெட்டி, ஸ்பூன் நுனியால் கிள்ளி நாக்கில் வைத்து, “டிரை” என்றாள். மீதித் துண்டைத் தட்டோடு கறுப்புப் பையில் தள்ளினாள். எதிர்வீட்டுக்காரியின் கேக் மூன்று அடுக்கு. வீட்டிலேயே செய்ததாம். அடியில் இருந்த, பேக்கரியில் வைக்கிற தங்கநிற அட்டையை எந்த வீட்டில் செய்தார்களோ.

எனக்கு முன்னால் இரண்டு மேஜைதான் பாக்கி. ஜெயிக்கிற ஆசை போகவில்லை. ஆனால் கண் அந்தக் கறுப்புப் பையை விட்டு நகரவில்லை. முருகனுக்குப் படைத்தது அதற்குள் விழுவதா. தட்டைத் தூக்கிக்கொண்டேன்.

“க்யா ஹுவா ஆன்ட்டிஜி, டர் கயீ?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. பயந்துவிட்டீர்களா என்று.

“பிரசாத் ஹை” என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒருத்தியை வெறுப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டாமா. கையில் ஒரு துண்டு வைத்தேன். கேட் காவலாளி வந்தார், பெருக்குகிற அம்மாள் வந்தாள். கடைசியில் வெள்ளைக் கோட்டும் வந்து கை நீட்டியது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துகள் விடாமல் தின்றாள். டிரை என்று சொல்லவில்லை.

முதல் பரிசு தங்க அட்டைக்குத்தான்.

மிஞ்சிய துண்டை வீட்டில் நாங்கள் இருவரும் பங்கிட்டோம். கிராம்பு கூடிப்போய் நாக்கு மரத்தது. நடுவில் ஜாமுக்குக் கீழே மாவு வேகவே இல்லை. அவர் மெதுவாக மென்றுகொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“பிரசாதத்தைக் குத்தம் சொல்லக் கூடாது” என்றார்.

பார்க்கில் அத்தனை பேரும் இந்தக் கிராம்பைத்தான் மென்று முழுங்கினார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரியும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டிலிருந்து மூன்றாவது தடவையாகச் சாம்பார் வந்தது. பருப்புத் தண்ணீர்தான். முருகன் முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டுக் குடித்தேன்.