மாத்திரைக்குள் இருந்த மல்லாட்டை

வடை மடித்துத் தரும் காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறியாதவன் நான். என் மனைவி ஸ்டெல்லாவின் மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளை மட்டும் படிக்கவில்லை. மடித்து, அப்போது கையில் இருந்த புத்தகத்தில் அடையாளம் வைத்தேன்.

அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் கலைந்து போயிருந்தன. கல்லறைத் தோட்டத்தில் இடம்கூடக் கேட்காத பிள்ளைகள். போன வருஷம் தவக்காலத்தில் மூன்றாவது. எட்டாவது வாரம், மறுபடியும் ரத்தம்.

செஞ்சியில் டாக்டரம்மா புரொஜெஸ்டிரோன் மாத்திரை எழுதினார். "கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோன் இது. முன்னால கலைஞ்சு, இப்ப ரத்தமும் படுறவங்க சிலருக்கு உதவும். உறுதி சொல்ல மாட்டேன்" என்றவர், "எதாவது ஒத்துக்காதாம்மா?" என்றும் கேட்டார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் என் அம்மா. நாங்கள் வல்லத்தில் தலைமுறையாக மல்லாட்டை போடுகிறவர்கள். வெளியூரில் அதற்கு வேர்க்கடலை என்று பெயர். கல்யாணமான புதிதில் நாலு கொட்டை தின்று அவள் உதடு வீங்கியபோது, தேனீ கொட்டியது என்று வீட்டில் சொன்னவன் நான். மல்லாட்டை ஆகாத மருமகள் வந்தால் குடும்ப மானம் என்னாவது?

"எல்லாம் ஒத்துக்கும் டாக்டர்" என்றேன்.

அன்று மாலை முதல் மாத்திரை. சற்று நேரத்தில் அவள் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு விசிலடித்தது. ஆம்புலன்ஸில் செபமாலையை எடுத்தேன். 'அருள் நிறைந்த மரியே' வரைக்கும்தான் வந்தது. இத்தனை படித்தவனுக்கு அடுத்த வரி தெரியவில்லை. "தாயே, பொய் சொன்னவன் நான். இவளை விட்டுடு" என்று அழுதேன்.

பதில், கேள்வியாக வந்தது. கூட வந்த நர்சு கேட்டாள்: "முன்ன எப்பனா இப்டி ஆயிருக்குதா? மறைக்காம சொல்லு சார்."

கூடவே ஏறியிருந்த அம்மாவின் முன்னாலேயே சொன்னேன். மல்லாட்டை.

தொடையில் ஊசி இறங்கியது. மூச்சு திரும்பியது. ஸ்கேனில் பிள்ளையின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் புத்தகத்திலிருந்து தாளை உருவிப் படித்தேன். மாத்திரையில் வேர்க்கடலை எண்ணெய். ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக் கூடாது. டாக்டரம்மா அந்த எண்ணெய் இல்லாத மருந்துக்கு மாற்றினார். மகள் பிறந்தாள்.

காப்பாற்றியது மருந்தா மாதாவா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது தாளைப் படிக்கிறேன், பொய்யைக் குறைத்திருக்கிறேன். நம்பிக் கேளுங்கள், மாதா கைவிடமாட்டாள். அவளிடம் அழுது சொல்வதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஞானஸ்நானத்தன்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட போடா" என்றாள் அம்மா. "எனக்குமே மல்லாட்டை ஆவாது. உன் நைனாவுக்குப் பயந்துகினு, நாப்பது வருசமா முந்தானையில முடிஞ்சி கோழிக்குத்தான் போடுறேன்."