இம்ப்ரூவ்மென்ட் மார்க் செல்லாது

அக்காவுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். பிளஸ் டூவில் அதையும் நான் எட்டிப் பிடித்துவிட்டேன். அவள் இரண்டாம் தடவையாக எழுதிய வருஷம் நான் முதல் தடவை எழுதினேன். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, அரசு விவசாயக் கல்லூரி.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. ஒரு சென்ட் நிலம் இல்லாதவளுக்கு விவசாயப் படிப்பு எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். "நெலம் வச்சிக்கினு இருக்கறவன் என்கிட்ட வந்து, இன்னா மருந்து அடிக்கறதுன்னு கேப்பான் இல்ல?" என்பாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் திமிர் தெரியும். எனக்கு அது பிடிக்கும்.

அவளுடைய முதல் தடவையில், உயிரியல் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அம்மை போட்டுவிட்டது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது என்று அம்மா மறித்து நின்றாள். அக்கா கேட்கவில்லை. தாவணியால் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். தனி அறையில் உட்காரவைத்தார்களாம். பாதிக்கு மேல் எழுத்தே தெரியவில்லையாம். மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க். உயிரியல் மட்டும் காலை வாரிவிட்டது.

அப்போது அதற்கு ஒரு வழி இருந்தது. குறைந்துபோன பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம், அதிலே வாங்கிய மார்க்கை வைத்து சீட்டுக்குப் போட்டி போடலாம். இம்ப்ரூவ்மென்ட் என்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதற்கென்றே எங்கேயாவது ஹாஸ்டலில் சேர்ந்து, வருஷம் முழுக்கப் படித்தார்கள். என் அக்கா கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை உரிக்கப் போய்க்கொண்டே படித்தாள். சோகை கிழித்த கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் புத்தகத்தையே பங்கு போட்டுக்கொள்வாள். நான் கொட்டாவி விட்டால் தொடையில் கிள்ளுவாள்.

ரிசல்ட் வந்தபோது கூட்டிப் பார்த்தோம். அவள் என்னைவிட மேலே. கரியாலூருக்கு வேலைக்குப் போயிருந்த அப்பா ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். "பெரியவ ஜெயிச்சிட்டா!" என்று தெரு முழுக்கச் சுளை கொடுத்தார். சின்னவளான என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மார்க்குக்குச் சீட் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

சில நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். இனி இம்ப்ரூவ்மென்ட் மார்க் செல்லாது, முதல் தடவை எழுதியதுதான் கணக்கு, இந்த வருஷமே அமல். ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து படிக்க வசதியுள்ளவர்களே சீட்டை அள்ளிக்கொண்டு போகிறார்கள், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று காரணம் போட்டிருந்தது. அந்தக் காரணத்தில் பொய் எதுவும் இல்லை.

நின்ற இடத்திலேயே நான் மனக்கணக்குப் போட்டேன். இம்ப்ரூவ்மென்ட் எழுதிய அத்தனை பேரும் விலகினால் நான் எவ்வளவு மேலே ஏறுவேன்? அக்கா என்ன ஆவாள் என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. இல்லை, அதுதான் முதலில் வந்தது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்துவிட்டேன். ஜெயிக்க முடியவில்லை.

பேப்பரை வாங்கி அக்கா நின்றபடியே படித்தாள்.

"அப்ப போன வருஷ மார்க்குதான் எடுத்துப்பாங்களா?"

"ஆமாக்கா."

"அம்ம போட்டிருந்துச்சே. எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?"

யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுப்படியிலிருந்து அம்மாதான் கத்தினாள். "அன்னிக்கே வாசல தாண்டாதடின்னு சொன்னன், கேட்டியா? ஆத்தா சும்மா வுடுவாளா?" அம்மாவோடு நான் சண்டைக்குப் போனேன். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தது எனக்கு வசதியாக இருந்தது. அக்கா அழவில்லை. மறுநாள் காலையில் சோகை உரிக்கப் போனாள்.

எனக்குக் கவுன்சிலிங் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அம்மா சேலத்தைத் தாண்டியதில்லை. கோயம்புத்தூருக்கு அக்காதான் துணைக்கு வந்தாள். என் சான்றிதழ்களை எல்லாம் வரிசையாக அடுக்கி மடியில் வைத்திருந்தாள். எங்கள் பிரிவில் எத்தனை சீட் பாக்கி என்று பலகையில் எழுதி அழித்துக்கொண்டே இருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது ஒன்று என்று இருந்தது.

"லக்கிம்மா நீ," என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "பழைய ரூல் இருந்திருந்தா இந்த சீட்டு இம்ப்ரூவ்மென்ட் எழுதின யாருக்காவது போயிருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த யாரோ என் தோளுக்குப் பின்னால் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் நீட்டிய தாளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து, விரலால் இடத்தைக் காட்டி, "இங்க போடு," என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது, பஸ் பெருந்துறை தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"பேப்பர்ல பாத்தப்போ உனக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

"சீ, இன்னாக்கா பேசற? எனக்கு அழுகதான் வந்துச்சு."

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டாள். "தெரியும்," என்றாள். "நீ ஒருத்தியாவது எனக்காக அழுதியே."

பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, அந்த ரூல் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அழுதாள். சேலம் வரும்வரை அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.