துவர்க்குதா, சொல்லுங்க

பல்லக்கா முதலில் தன் நாக்கால் தன் முன்பல்லின் பின்புறத்தை ஒருமுறை தடவிக்கொள்வாள். பிறகு, மெருகேற்றி வைத்த பல்செட்டைக் கையுறை போட்ட கட்டைவிரலால் தடவுவாள். நாக்கு சொன்னதும் விரல் சொன்னதும் ஒத்துப்போனால் செட் டப்பாவுக்குள் போகும். இல்லாவிட்டால் மறுபடி மெருகுச் சக்கரத்துக்கு. வாய்க்குள் தூசி அளவு மேடும் மலையாகத் தெரியும் என்பது அவள் படித்த பூகோளம். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நிரப்புவதற்குப் பல்லக்கா உண்டு, இருபத்தாறு வருடமாக.

நாளெல்லாம் எச்சில் பட்டதும் படப்போவதுமான சாமான்களோடு புழங்குபவளுக்கு வீட்டில் எச்சில் ஆகாது. யாராவது டம்ளரை உதட்டில் வைத்துவிட்டால் அதை இரண்டுமுறை தேய்ப்பாள். வாய்த்த கணவரோ பஸ் கண்டக்டர். மொத்த சர்வீஸும் கட்டைவிரலை நாக்கில் தொட்டே டிக்கெட் கிழித்தவர். ஓய்வுபெற்றபின் அந்த விரல் செய்தித்தாளுக்கு மாறியது.

“நீங்க படிச்சப்புறம் அது பேப்பரா? ஈரத்துணி!”

“எச்சில் தொட்டாத்தாம்மா ஒண்ணு ஒண்ணா வரும். என் உத்தியோகத்துல பாதி அதுதான்.”

சண்டை முப்பது வருடம் நன்றாகவே நடந்தது. பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. மிச்சமிருந்த பற்களைப் பிடுங்கிவிட்டு, முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே எச்சிலும் போயிற்று. பழக்கதோஷத்தில் நாக்குக்குப் போன கட்டைவிரல் காய்ந்தபடியே திரும்பி வந்தது.

பல்லக்கா தன் வாழ்நாளிலேயே நேர்த்தியான செட்டை அவருக்குச் செய்தாள். மாட்டியதும் மேல்வரிசை தொப்பென்று மடியில் விழுந்தது. பல்செட்டைப் பிடித்து நிறுத்துவது எச்சில்தான் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் மூன்றுமுறை அளவெடுத்தாள். தப்பு தன் கையில் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டே எடுத்தாள். அளவு அச்சாக இருந்தது. அன்றிலிருந்து செட் தண்ணீர் டம்ளரில் சிரித்துக்கொண்டு கிடந்தது. அவர் கரைத்ததைக் குடித்தே நாளைத் தள்ளினார். “எச்சில் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். “உசுர மிச்சம் வெச்ச மகராசன் நல்லா இருக்கணும்” என்று அவள் தினமும் டாக்டரை வாழ்த்துவாள். உயிரைத் தந்தவரிடம் எச்சிலையும் கேட்பது பேராசையோ என்று கூச்சம் வேறு.

ஆனாலும் காலையில், செங்காயாக இருக்கும் வாழைப்பழத்தில் ஒரு துண்டு நறுக்கி அவர் நாக்கில் வைப்பாள்.

“துவர்க்குதா, சொல்லுங்க.”

“எதை வெச்சாலும் மணலாத்தான் இருக்கு.”

“என்னக்கா, தெர்மாமீட்டர் வைக்கிறாப்ல தினம் வாழைப்பழம் வைக்கிறீங்களாமே?” என்று பல்செட் பட்டறையில் பக்கத்து மேசைக்காரி கிண்டல் செய்தாள்.

“துவர்ப்பு ருசியில்லடி, திருட்டு. எச்சில்ல இருக்கற வழவழப்பத் திருடிக்கும். அப்பத்தான் நாக்கு பல்லுல உரசும், சொரசொரன்னு இழுக்கும். வீட்டுல ஒண்ணுமே இல்லேன்னா திருடன் வந்துட்டுப் போனது எப்படித் தெரியும்?”

வீட்டுக்குத் திருடன் வரவேண்டும் என்று ஏழு மாதம் காத்திருந்தாள்.

போன வாரம் ஒரு காலை. மடித்து வைப்பதற்காகச் செய்தித்தாளை எடுத்தவளின் விரல் மூன்றாம் பக்க மூலையில் பட்டது. ஈரம். தண்ணீர் சிந்தியிருக்குமோ என்று டம்ளரைப் பார்த்தாள். அது எட்டாத தூரத்தில் இருந்தது. டம்ளருக்குள் இருந்த செட்டைக் கழுவி அவருக்கு மாட்டிவிட்டு, விழுந்தால் பிடிக்கத் தாடைக்கு அடியில் கையேந்தி நின்றாள். கை காலியாகவே இருந்தது. அன்று பழத்தை நறுக்கவில்லை. உரித்து முழுசாக நீட்டினாள்.

கடித்தார். மென்றார். முகம் அஷ்டகோணலாயிற்று.

“என்ன பழம் இது? கடைக்காரன் உன் தலையில கட்டிட்டானா? நாக்கு பல்லோட போய் ஒட்டிக்குது!”

“துவர்க்குதாங்க?”

“பின்னே? வாயெல்லாம் துவர்ப்பு.”

“நிஜமா?”

“நம்பலைன்னா டிக்கெட் கிழிச்சுத் தரட்டுமா? தூக்கிப் போடும்மா இத.”

பழம் அவள் கைக்கு வந்தது. கடித்த இடத்தில் அவள் செய்த பற்களின் தடம் வரிசையாக, ஈரமாக மினுங்கியது. குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது. பல்லக்கா அவர் கடித்த இடத்திலேயே வாய்வைத்துக் கடித்தாள். கண்ணை இறுக்கி மென்றாள். விழுங்கிவிட்டு, நாக்கால் தன் முன்பல்லின் பின்புறத்தை ஒருமுறை, நிதானமாக, தடவிக்கொண்டாள்.