கடலில் இறங்காதவன்

எங்கள் ஆபீசில் ஒருவன் வெளிநாடு போய்த் திரும்பும்போது, கடலுக்கடியில் பார்க்கும் முகக்கண்ணாடி இரண்டும் வாயில் கவ்வி மூச்சுவிடும் குழாய் இரண்டும் வாங்கி வந்தான். பெங்களூரில் இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹெப்பகோடியில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த வீட்டில், தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்முக்குள் தலையை விட்டுப் பழகினோம். வீட்டு ஓனரம்மா பார்த்துவிட்டு, இதுகளுக்குப் பைத்தியம்தான் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனார்.

ராமேசுவரம் போகலாம் என்றவன் நான்தான். தொண்ணூறுகளின் கடைசி. யுகாதியை ஒட்டி மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. ஒரு காலத்தில் தலைமன்னாருக்குக் கப்பல் போன நீரிணை அது. புயலில் ஓர் ஊரையே விழுங்கிய கடல். அதில் முகம் கவிழ்த்து மிதந்தே தீருவேன் என்று எனக்குப் பிடிவாதம். அக்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் படகு தூரம் போகாது என்றார்கள். கரை கண்ணில் படும் தூரமே போதும் என்றேன். திட்டம் போட ஆரம்பித்தால் நான் சர்வாதிகாரி. யார் எந்த சீட்டு, யார் புளியோதரை கொண்டுவருவது என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டேன்.

படகு ஏற்பாடு செய்தவன் பக்கத்து சீட்டு நண்பன். ராமநாதபுரத்துக்காரன், சின்ன வயதிலிருந்தே கடலில் நீந்தியவன். கல்யாணமாகி மர்பி டவுனில் குடியிருந்தான். படகுக்காரர் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். எல்லாம் பேசி முடித்த பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"நான் போட்லயே உக்காந்துக்கறேன்டா. தண்ணில எறங்கல."

"ஏன்டா?"

"சும்மாதான்."

நான் விடுகிற ஆளா? கடலோரத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று கேன்டீன் முழுக்கச் சொன்னேன். பட்டியலில் அவன் பெயருக்கு நேராக 'லைஃப் ஜாக்கெட் இரண்டு' என்று அடித்து, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். அவனும் சேர்ந்துதான் சிரித்தான். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

யுகாதியன்று காலை படகேறினோம். அவன் பேன்ட்டும் ஷூவுமாகப் படகுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. டிரம்மில் பழகியவனுக்கு அதெல்லாம் எதற்கு? குதித்தேன். கீழே பாசியும் கோடு போட்ட சின்ன மீன்களும் தெரிந்தன. நன்றாகப் பார்ப்பதற்குள் ஓர் அலை வந்து குழாய்க்குள் தண்ணீர் புகுந்தது. இருமினேன், இன்னும் குடித்தேன். டிரம்மாக இருந்தால் தலையைத் தூக்கினால் போதும். இங்கே எந்தப் பக்கம் மேல் என்றே தெரியவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள்.

படகில் இருமி முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவன் எதிரே சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். ஷூவிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்ல சொல்லிடாதடா" என்றான்.

உயிர் பிழைத்த கையோடு அதற்கும் கிண்டல் செய்தேன். "ஷூ நனைஞ்சா அடிப்பாங்களா?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

யுகாதி முடிந்து மூன்றாவது வாரம் அவன் ஆபீசுக்கு வரவில்லை. போன் செய்தபோதுதான் சொன்னான். அவன் மனைவி மாசமாக இருந்தாள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று யாருக்கும் சொல்லவில்லை. முன்பு இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறையும் போய்விட்டது. மாசமாக இருப்பவளின் புருஷன் கடலில் முழுகக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். எனக்குத்தான் அது தோன்றவே இல்லை.

"டாக்டர் வேற காரணம் சொல்லிட்டாரு. நீ எதையும் மனசுல வச்சுக்காத" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் போனை வைத்த பிறகு என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்ச் சுவரிலிருந்த பட்டியலைக் கிழித்தேன்.

ஞாயிறு காலை மர்பி டவுனுக்குப் போனேன். வாசலில் அந்த ஷூ கிடந்தது. தையல் ஓரமாக உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவன் மனைவி பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, அவரு கடல்ல எறங்கலல்ல? எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டுதான் போனாரு. கேட்டா எறங்கலங்கறாரு. நீங்க சொன்னா நம்பறேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எறங்கலம்மா. போட்லயேதான் இருந்தான். ஷூவக்கூடக் கழட்டல."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"அதுக்காக நீங்க எல்லாரும் அவர பயந்தாங்கொள்ளின்னு ரொம்பக் கேலி பண்ணீங்களாமே?"

"ஆமாம்மா," என்றேன். "நான்தான் பண்ணேன்."